வீண்பொழுதா, சுவாமி?



சில ஞாயிறுகளுக்கு முன் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்த சமயம், நம் ஊர் அம்மாள் ஒருவர் கோவில் வாசலில் தயங்கி நின்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட காரியமல்ல இது. அப்படியானால் இதை எழுத எனக்குக் கை ஏது? வாசற்படியில், பத்துப்பேர் காதில் விழக் கேட்ட கேள்வி. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகையால் பேர் இல்லை.

பிள்ளைகள் இருவரும் மணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் இராஜபாளையத்து மில்லுக்குப் போய்த் திரும்புகிறவர். சாயங்காலம் விளக்கேற்றி, அடுப்பு வேலை ஒழிந்தபின், இந்த அம்மாள் ஒரு நூலுருண்டையும் கொக்கி ஊசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து குரோஷா பின்னுகிறார். சிறுவயதில் கன்னியாஸ்திரீகளிடம் கற்ற வேலை. முப்பது வருஷம் மறந்திருந்து மறுபடி எடுத்திருக்கிறார். மேஜை விரிப்பு, குடத்து மூடி, பேரப்பிள்ளைக்குத் தொப்பி, இப்படி ஏதாவது. “இந்த வீண்பொழுதுக்கு இன்னும் ஒரு செபமாலை சொல்லலாமே” என்று நாத்தனார் சொல்லிவிட்டாராம்.

“சுவாமி, பின்ன உட்கார்ந்தால் மனசு லேசாகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. இவ்வளவு சந்தோஷம் தருகிற காரியம் பாவமாயிருக்குமோ?”

நான் சிரித்துவிட்டேன். இராத்திரி படுத்தபின்தான் அது சிரிக்கிற காரியமல்ல என்று உறைத்தது. சந்தோஷம் தருகிறது, ஆகவே பாவமாயிருக்கும் என்கிற இந்தக் கணக்கை நம் ஸ்திரீகளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? பிரசங்கத் தொட்டியில் நின்று பேசுகிற எங்களுக்கும் அதில் பங்குண்டு. விடிந்தெழுந்தது முதல் பிறருக்காகவே அசைகிற கைகள், ஒரு மணி நேரம் தங்களுக்காக அசைந்தால் அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அந்த அம்மாளுக்கு வாசலில் சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் ஜில்லாவில் வனத்து அந்தோனியாரை அறியாதவர் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுதிரி ஏற்றுகிற பதுவை அந்தோனியார் வேறு; இவர் அவருக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷம் முந்தியவர், எகிப்து தேசத்து வனாந்தரத்தில் தவம் செய்தவர். வனத்துத் தவசிகளின் வாய்மொழிகளைத் திரட்டிய பழைய தொகுப்பு ஒன்று உண்டு. அதில் அந்தோனியாரைப் பற்றிய முதல் செய்தியே சோர்வைப் பற்றியது. ஒருநாள் அவருக்குத் தாங்கமாட்டாத மனச்சோர்வு. செபிக்க முடியவில்லை, நினைவுகள் அலைக்கழிக்கின்றன. சர்வேசுரனிடம் வழி கேட்டு வெளியே வந்தால், தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து நார் முறுக்கிப் பின்னிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். சற்று நேரம் பின்னுகிறார்; எழுந்து செபிக்கிறார்; மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார். வந்தவர் ஒரு சம்மனசு. இப்படியே நீயும் செய், பிழைத்துக்கொள்வாய் என்று அந்தோனியாருக்குத் தெரிவிக்கப்படுகிறது.

கவனித்தீர்களா? செபிக்க முடியாதவனுக்கு, இன்னும் அதிகமாய்ச் செபி என்று சம்மனசு சொல்லவில்லை. கையில் நாரைக் கொடுத்தார்.

இதைவிட வினோதமான செய்தி ஒன்றை, ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய காசியான் என்ற துறவி பதிந்து வைத்திருக்கிறார். அப்போஸ்தலரான அர்ச். சின்னப்பரின் பேருடைய தவசி ஒருவர், பட்டணத்துக்கு ஏழுநாள் நடைதூரத்தில் வசித்தார். அவர் பின்னுவதைச் சந்தைக்குக் கொண்டுபோவதானால் வண்டிக்கூலி விலையை விஞ்சிவிடும். உணவுக்கோ பேரீச்ச மரமும் சிறு தோட்டமும் இருந்தன. விற்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நாள் தவறாமல் ஓலை சேர்த்து, தமக்குத் தாமே அளவு விதித்துப் பின்னினார். வருஷம் முடிந்து குகை நிறைந்ததும் அத்தனையையும் நெருப்பில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கைவேலை இல்லாமல் மனம் ஓரிடத்தில் நிற்காது என்பதற்காகவே இந்தப் பிரயாசை.

நம் நாத்தனார்மார் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி அந்தக் கொக்கி ஊசியைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். ஏனென்றால் அந்த அம்மாளின் மனசு லேசாவதற்குக் காரணம் அந்த வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. குரோஷா என்று நம்மவர் சொல்லுவது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். தையலுக்குத் துணி வேண்டும், நெசவுக்குத் தறி வேண்டும், கம்பளிச் சட்டை பின்ன இரண்டு ஊசி வேண்டும். இதற்கு ஒரு நூலும் ஒரு கொக்கியும் போதும். நூலில் ஒரு கண்ணி போட்டு, அதன் வழியே கொக்கியால் நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. அது சங்கிலி. அந்தச் சங்கிலியின் மேலேயே ஒன்றை, இரட்டை என்று கண்ணிகளைக் குத்தி ஏற்றிக்கொண்டே போனால் விரிப்பு ஆகிறது, வட்டம் ஆகிறது, ரோஜாப்பூவும் ஆகிறது. பூக்கட்டத் தெரிந்த விரலுக்கு இது அந்நியமல்ல. நாரை மடக்கிச் சுண்டி இழுத்து மல்லிகையை நிறுத்துகிற அந்தச் சுளுவு எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தராத பாடம். அதே சுளுவுதான் இங்கேயும்.

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசிமேல் உயிரோடு காத்திருக்கும். அவசரத்தில் ஊசி நழுவினால் கண்ணிகள் கீழ்வரிசை வரைக்கும் ஓடிவிடும். குரோஷாவில் எந்த நேரமும் உயிருள்ள கண்ணி ஒன்றே ஒன்று. பால் பொங்குகிறதா? வாசலில் ஆள் கூப்பிடுகிறாரா? அந்த ஒரு கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். ஒரு மணி நேரம் கழித்தானாலும் ஒரு மாதம் கழித்தானாலும் விட்ட இடம் அங்கேயே இருக்கும். இடைவிடாமல் கூப்பிடப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை என்ன இருக்கிறது? ஆண்பிள்ளைகளாகிய நமக்கு இதன் அருமை சட்டென்று விளங்காது. நம்மை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

தவறினாலும் நஷ்டமில்லை. துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் வெட்டினதுதான். இங்கே பத்து வரிசைக்குக் கீழே ஒரு பிழை தெரிந்தால், கொக்கியை எடுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுக்கிறார்கள். சரசரவென்று பிரிந்து பிழைவரைக்கும் வந்து நிற்கிறது. நூல் கொஞ்சம் சுருண்டிருக்கும், அவ்வளவே. அதே நூலில் மறுபடி பின்னலாம். மூன்று நாள் வேலையை அப்படிப் பிரித்துவிட்டுச் சிரிக்கிற ஸ்திரீகளை நான் கண்டிருக்கிறேன். மூன்றே மூன்று வரி அழிக்கச் சொன்னால் விசனப்படுகிற எழுத்தாளன் நான்.

மனசு லேசாகிறது என்பது அந்த அம்மாளின் பிரமையும் அல்ல. ஆஸ்திரேலியாவில் வலங்காங் சர்வகலாசாலையைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள் குரோஷா பின்னுகிறவர்களிடம் கேள்விகள் கேட்டுத் திரட்டிய முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். பல தேசங்களிலிருந்தும் பதில் அனுப்பியவர்கள் 8,391 பேர். கிட்டத்தட்ட எல்லாரும் ஸ்திரீகள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் மனம் அமைதிப்படுவதாகவும், எண்பத்திரண்டு பேர் மகிழ்ச்சி உண்டாவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். தாங்களே விரும்பிப் பதில் எழுதினவர்கள் ஆனபடியால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடும் மனோவியாதி உள்ளவர்கள் வைத்தியரிடம்தான் போகவேண்டும். கொக்கி ஊசி அதற்குப் பதிலாகாது. ஆனாலும் எட்டாயிரம் பேர் சொல்வதை நாத்தனார் ஒருவர் சொல்வதற்கு எதிர்த்தட்டில் வைக்கலாம் அல்லவா?

செபமாலையை விட்டுவிட்டுப் பின்னலாமா என்று கேட்டால், கூடாது. செபமாலைக்கு அதன் நேரம், பின்னலுக்கு அதன் நேரம். சம்மனசும் செபிக்க எழுந்தார், பின்ன உட்கார்ந்தார், இரண்டையும் குழப்பவில்லை. ஆனால் எண்ணி எண்ணிப் போகிற விரலுக்குள் ஒரு மங்கள வார்த்தை செபம் தானாகவே நுழைந்துவிட்டால் அதைத் துரத்தவும் வேண்டாம்.

தேவமாதாவின் கையில் பின்னல் ஊசியைக் கொடுத்துப் படம் எழுதிய சித்திரக்காரர்களும் உண்டு. ஜெர்மனி தேசத்தில் மாஸ்டர் பெர்ட்ராம் என்பவரின் பேரால் வழங்கும், 1400-ஆம் வருஷ அளவில் எழுதப்பட்ட பீடச் சித்திரம் ஒன்று ஹம்பர்க் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் மாதா உட்கார்ந்து நான்கு ஊசிகளால், தையல் இல்லாத ஒரு சட்டையைக் கழுத்துப் பக்கம் முடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பாலசேசு புத்தகமும் பம்பரமுமாகப் புல்லில் கிடக்கிறார். பின்னாலிருந்து இரண்டு சம்மனசுகள் சிலுவையையும் ஆணிகளையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. அந்தத் தையலில்லாத அங்கிக்காகத்தான் கல்வாரியில் சேவகர் சீட்டுப் போடப்போகிறார்கள். வேதாகமத்தில் அதைப் பின்னியது யார் என்று இல்லை; மாதாவே செய்தார்கள் என்பது விசுவாசிகளின் பழைய எண்ணம். மகனுக்குச் சட்டை பின்னுகிற நேரத்தை வீண்பொழுது என்று அந்தச் சித்திரக்காரர் நினைக்கவில்லை.

இதுவரைக்கும் அந்த அம்மாளுக்கு ஆறுதல். இனிச் சொல்லப்போவது மற்றவர்களுக்கு, என்னையும் சேர்த்து.

“அது பொழுதுபோக்குத்தானே” என்ற வார்த்தை இருக்கிறதே, அதற்கு இரண்டு முகம். பின்னுகிறவர் தாமே சொன்னால் அது இளைப்பாறுதல். வாங்குகிறவர் சொன்னால் பல சமயம் அது திருட்டு.

சரித்திரத்தைப் பாருங்கள். குரோஷா பெரும் பேர் பெற்றதே பசியினால்தான். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் அளவில் மாண்டார்கள். அதற்குச் சமமான ஜனம் கப்பலேறிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் கார்க் நகருக்கு அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலா சபைக் கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தார்கள். தட்டுமுட்டு ஒன்றும் வேண்டாத வேலை ஆனபடியால் குடிசையிலும் நடந்தது. யோல் என்ற ஊரில் பிரசென்டேஷன் மடத்துத் தாயார் மேரி ஆன் ஸ்மித் செய்தது இன்னும் ஒரு படி மேல். இத்தாலியப் பழைய லேஸ் துண்டு ஒன்றை இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணியும் எப்படிப் போடப்பட்டது என்று தாமே கண்டறிந்து, பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அது கொக்கி வேலையல்ல, தையலூசி லேஸ். ஆனாலும் நோக்கம் ஒன்றே. குளோனிஸ் என்ற ஊரில் 1847-ல் குரோஷாவைக் கொண்டுவந்து வேரூன்றச் செய்த கசாண்ட்ரா ஹாண்ட் அம்மாள் புரோட்டஸ்டாண்ட் குருவின் மனைவி. பசித்தவனுக்குச் சோறு போட்டவரின் சபை எதுவென்று நான் கேட்கப்போவதில்லை. அவர்கள் பின்னிய சரிகைபோன்ற கழுத்துப்பட்டைகளை லண்டனிலும் பாரிசிலும் சீமாட்டிகள் போட்டிக்கு வாங்கினார்கள்.

நம் தென்கோடியிலும் இப்படியே. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலைக்குரிய கிரயத்தைச் செலுத்தியதாக அந்த மிஷன் வரலாறு கூறுகிறது. அவருடைய மகள் எலிசாவே கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தவர்; லேஸும் அவரோடு இடையன்குடிக்கு வந்தது. நம் திருச்சபையில் 1897-ஆம் வருஷம் பெல்ஜியத்திலிருந்து தாயார் மரி லூயிஸ் தெ மேஸ்தர் முளகுமூட்டில் வந்து இறங்கினார். பெற்றோரற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர், அந்தப் பிள்ளைகளின் கையில் லேஸையும் பூத்தையலையும் கொடுத்தார். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் அந்தத் தொழில் கூடவே போயிற்று.

இவையெல்லாம் நல்ல கதை. ஆனால் கோதாவரிக் கரையில் நர்சாப்பூரில் நடந்ததையும் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் கொண்டுவந்த வேலைதான். சுத்தமான குரோஷா லேஸ். மேல்நாடுகளுக்குக் கப்பலில் ஏறிப்போகும் பெரும் வியாபாரமாக வளர்ந்தது. 1970-களின் கடைசியில் ஜெர்மானிய அம்மையார் மரியா மீஸ் அங்கே தங்கி விசாரித்து, 1982-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? வீட்டு வேலையெல்லாம் செய்து முடித்து அதற்குமேல் தினம் ஆறு மணி, எட்டு மணி நேரம் பின்னுகிற ஆயிரமாயிரம் ஸ்திரீகள். அவர்களுக்குக் கிடைத்ததோ, வயலில் கூலிவேலை செய்கிற பெண்ணுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. ஏற்றுமதி செய்த ஆண்கள் மாடி வீடு கட்டினார்கள். ஏன் இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், அவர்கள் தொழிலாளிகள் அல்லவே, வீட்டில் சும்மாயிருக்கிற நேரத்தில் பின்னுகிற குடும்பஸ்திரீகள்தானே என்ற பதில் தயாராயிருந்தது. ஜனத்தொகைக் கணக்கில்கூட அவர்களைத் தொழிலாளிகளாக எழுதவில்லை. நர்சாப்பூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷந்தான். அந்த மதிப்பில் எவ்வளவு கொக்கி பிடித்த கைக்கு வந்து சேரும் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஒரே வேலை, ஒரே கொக்கி. எகிப்து வனத்தில் தவசி வருஷ முடிவில் தம் வேலையைத் தாமே எரித்தார். அது அவருடைய சுதந்தரம். நர்சாப்பூரில் பின்னியவளிடமிருந்து அது வாங்கப்பட்டது, அவளுடைய நேரத்துக்கு விலையே இல்லை என்று சொல்லி.

கோதாவரி மட்டும் போவானேன்? மம்சாபுரத்திலேயே, இராஜபாளையத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நடக்கிறது. கல்யாணச் சீருக்கு ஒரு விரிப்பு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு மூடி, வாசலுக்கு ஒரு தோரணம். “உங்களுக்குப் பொழுது போகத்தானே பின்னுகிறீர்கள் அக்கா, எனக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள்” என்கிறோம். நூல் வாங்கிக் கொடுத்தாலே தர்மம் செய்துவிட்டதாக நினைப்பு. வயர் கூடை பின்னுகிறவர்களுக்கும் இதே கதை. சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் மருந்துத்துணி நெய்கிறவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம்; அது போதுமா போதாதா என்பது வேறு. பஞ்சும் நூலும் தெரிந்த பூமி இது. பாபநாசத்தருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி துரைமார் 1880-களில் ஆலை வைத்த நாள் முதலாக, நூலுக்கு எண் உண்டு, எடை உண்டு, கூலி உண்டு என்று நம்மவருக்குத் தெரியும். வீட்டுக்குள் ஒரு ஸ்திரீயின் விரலில் நூல் ஏறினவுடன் அந்தக் கணக்கு மட்டும் மறந்துபோகிறது.

இதற்கும் திருச்சபையில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் பூத்தையல் போடலாமா கூடாதா என்று அந்நாளைய வேதசாஸ்திரிகள் வெகுவாய்த் தர்க்கித்திருக்கிறார்கள். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ஆம் சட்டம் காரியத்தை எளிதாக்கிவிட்டது. ஆராதனைக்கும், ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், மனம் உடல் இளைப்பாறுவதற்கும் தடையானவற்றை விலக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே பூசை கண்டு வந்து, பேரனுக்குத் தொப்பி பின்னுகிற பாட்டி ஓய்வைக் குலைக்கவில்லை. அவருக்கு அதுவே ஓய்வு. திங்கட்கிழமைக்குள் ஆறு விரிப்பு வேண்டும் என்று கடைக்காரர் நெருக்க, அதே பாட்டி ஞாயிறு முழுவதும் கண்கடுக்கப் பின்னினால் ஓய்வு குலைகிறது. அதில் குற்றம் இருந்தால் பாதிக்குமேல் நெருக்கினவரைச் சேரும்.

அப்போஸ்தலர் நடபடியில் யோப்பா பட்டணத்துத் தபித்தாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் இறந்ததும் அர்ச். இராயப்பரை அழைத்து வருகிறார்கள். மேல்வீட்டில் கைம்பெண்கள் அழுதுகொண்டு, அவள் உயிரோடிருந்தபோது செய்து கொடுத்த சட்டைகளையும் அங்கிகளையும் அவரிடம் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தக் கைம்பெண்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: இது யார் செய்தது என்று. நம் கோவில்களின் பீடத்துணிகளில் எத்தனை சாண் அகல ஓரங்கள் இருக்கின்றன! குருக்கள் அணிகிற வெள்ளங்கியின் அடியில் எத்தனை முழம் லேஸ்! அவற்றை உடுத்தி நான் எத்தனையோ பூசை செய்திருக்கிறேன். இது யார் பின்னியது என்று ஒருநாள் கோவில்பிள்ளையைக் கேட்டதில்லை. அந்த அம்மாளின் கேள்விக்குப் பிறகு கேட்டேன். “பழசு சுவாமி, யாரோ போட்டுக் கொடுத்தது” என்றார்.

சந்தோஷத்துக்காகவே பின்னி, சந்தோஷமாகவே கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களே இஷ்டப்பட்டுச் செய்வது. 2016-ஆம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் கூட்டிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர், பல ஊர்களிலும் தேசங்களிலும் இருந்து பின்னி வந்த துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்தார்கள். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! கின்னஸ் புஸ்தகத்தில் ஏறிற்று. பிறகு அதைப் பிரித்துப் போர்வைகளாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டென்மார்க்கில் 2013 முதல் ஒரு குழுவினர், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்காகப் பருத்தி நூலில் சிறு எண்காலிப் பொம்மைகள் பின்னி ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறார்கள். அதன் சுருள் கால்களைக் குழந்தை பிடித்துக்கொள்கிறது. மூக்குக் குழாயைப் பிடுங்குவதில்லை என்கிறார்கள் தாதிமார். தாயின் வயிற்றில் தொப்புள்கொடியைப் பிடித்திருந்த நினைவோ என்னவோ! இழுத்துப் பிடித்தாலும் கால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பான அளவு வைத்திருக்கிறார்கள், கழுத்தில் சுற்றிவிடக் கூடாதென்று. 1900-ஆம் வருஷத்தில், எண்பது வயதைத் தாண்டிய விக்டோரியா மகாராணிகூடத் தென்னாப்பிரிக்க யுத்தத்திலிருந்த வீரருக்கென்று எட்டுக் கழுத்துத்துண்டுகள் தம் கையால் பின்னினார். அவரிடம் யாரும் வீண்பொழுது என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த அம்மாள் சொல்லச் சொன்ன சில வார்த்தைகள். முதலிலேயே மெல்லிய நூலும் சன்ன எஃகு ஊசியும் எடுத்தால் கண்ணும் நோகும், வெறுப்பும் வரும். தடித்த பருத்தி நூலும் நான்கு மில்லிமீட்டர் கொக்கியும் எடுங்கள். நூலை விரலில் இறுக்காதீர்கள். அச்சுப் புஸ்தகத்தைப் பார்த்துப் பின்னுகிறவர்கள், அது இங்கிலீஷ்காரர் எழுதியதா அமெரிக்கர் எழுதியதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கர் ‘டபிள்’ என்பதை இங்கிலீஷ்காரர் ‘ட்ரெபிள்’ என்கிறார்கள். இது தெரியாமல் ஒரு முழு விரிப்பைப் பிரித்தவர் அவர். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து கையை உதறுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் போதும். கற்க வருகிற பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் கோவில் திண்ணையில் சொல்லித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளைகள் வந்தால்? “வரட்டுமே சுவாமி, மீன்வலை பின்னுகிறவர்கள் ஆண்பிள்ளைகள்தானே” என்றார். இராயப்பருடைய தொழிலை எனக்கு ஞாபகப்படுத்தினார் என்று எடுத்துக்கொண்டேன்.

நாத்தனாரும் வரப்போகிறாராம்.

பீடத்துணிக்குப் புது ஓரம் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். நூல் விலையோடு கூலியும் சொல்லுங்கள் என்றேன். கோவிலுக்குக் கூலியா என்று முதலில் ஒரேயடியாய் மறுத்தார். அப்புறம் யோசித்து, ஒரு பாதியைக் கோவிலுக்குக் காணிக்கையாகப் பின்னுகிறேன், மறுபாதிக்குக் கூலி வாங்கிக்கொள்கிறேன், அதில் மகளுக்கு ஒரு சேலை எடுக்கவேண்டும் என்றார். சரியென்றேன். பாஸ்குத் திருநாளுக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டதற்கு, கண்ணி எண்ணிப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்று, முந்தானையில் முடிந்திருந்த நாடாவை எடுத்துப் பீடத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அளந்துகொண்டு போயிருக்கிறார்.